ஆகாயத்தில் ஓர் ஆசனம்

சென்ற மாதம் ஒரு நாள் நமது வகுப்பில் பையன்களுக்கு ஒரு படம் காட்டினோம். அமெரிக்காவில் ஒரு மனிதர் தமது வீட்டு மோட்டார்க் கொட்டகையிலே சொந்தக் கையால் கட்டிக்கொண்டிருந்த சிறிய ஆகாய விமானத்தின் படம் அது. இறக்கைகள் இரண்டும் சுவரோரமாகச் சாத்தி வைக்கப்பட்டிருந்தன. வால் ஒரு பக்கம் கிடந்தது. நடுவே, மூடி திறந்த பெரிய பெட்டி போல விமானத்தின் உடல் நின்றது.

பையன்கள் வழக்கம் போலக் கேள்வி மாரி பொழிந்தார்கள். எஞ்சின் எத்தனை குதிரைச் சக்தி? எவ்வளவு உயரம் பறக்கும்? கட்டியவர் கணக்குத் தப்பினால் விழுந்துவிடாதா? இந்தச் சந்தடியில் முதல் பெஞ்சிலிருந்த ஒரு சின்னப் பையன் மெல்ல எழுந்து, “ஸார், உட்காருகிற இடத்தை எப்படிச் செய்வார்கள்?” என்றான். வகுப்பு முழுதும் கொல்லென்று சிரித்தது. உண்மையைச் சொல்லவேண்டுமானால் நாமும் சற்றுச் சிரித்துவிட்டோம். வானத்தில் பறக்கும் அற்புதத்தைக் காட்டினால், நாற்காலியைப் பற்றி ஒருவன் கேட்கிறானே என்று தோன்றிற்று.

வீட்டுக்கு வந்த பிறகு அந்தக் கேள்வி நம்மை விடவில்லை. இரண்டு வார காலம் புத்தகங்களையும் பத்திரிகைகளையும் புரட்டிப் பார்த்தோம். வகுப்பிலே கேட்கப்பட்ட கேள்விகளுக்குள் மிகச் சிறந்தது அதுதான் என்று இப்போது ஒப்புக்கொள்கிறோம். அறிந்ததை நேயர்களுக்கும் சொல்லிவிடலாமென்று உத்தேசம்.

தம் கையாலேயே விமானம் கட்டிக்கொள்ளும் ஆசை இன்று நேற்று ஏற்பட்டதன்று. பிரேஸில் நாட்டினரான ஸாந்தோஸ் துய்மோன் பிரான்ஸ் தேசத்தில் இருந்துகொண்டு, 1907-ஆம் ஆண்டில் தொடங்கி, ‘தெமுவாஸெல்’ என்னும் சின்னஞ்சிறு விமானத்தை உருவாக்கினார். அதன் உடலுக்கு அவர் மூங்கிலை உபயோகித்தார். காப்புரிமை கேட்காமல், யார் வேண்டுமானாலும் அதைப் பார்த்துச் செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டார். அந்தப் பெருந்தன்மைக்கு வாரிசுகள் பலர் தோன்றினார்கள். 1953-இல் அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்தில் பால் பொபெரெஸ்னி என்பவர் இத்தகைய ஆர்வலர்களுக்கென்று ஒரு சங்கம் நிறுவினார். அந்தச் சங்கத்தின் வருஷ விழா 1970 முதல் விஸ்கான்ஸின் மாகாணத்திலுள்ள ஆஷ்காஷ் என்னும் ஊரில் நடந்து வருகிறது. அந்நாட்டுச் சட்டம் இவர்களுக்கு விதிக்கும் முக்கிய நிபந்தனை ஒன்று உண்டு. விமான வேலையில் பெரும் பகுதியை, கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ, கட்டுகிறவரே தம் கையால் செய்திருக்கவேண்டும். ஆசிரியர்களும் வைத்தியர்களும் தச்சர்களும் விவசாயிகளும் ஆண்டுக் கணக்கில் மாலை வேளைகளைச் செலவிட்டு விமானம் கட்டுகிறார்கள்.

இவ்வளவு பாடுபட்டுக் கட்டும் விமானத்தில் ஆசனத்தின் பங்கு என்ன? ஆரம்பத்தில் ஆசனம் என்பதே கிடையாது. 1903-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆந் தேதி ஆர்வில் ரைட் 12 விநாடி நேரம் 120 அடி தூரம் பறந்தாரல்லவா? அப்போது அவர் கீழ் இறக்கையின்மேல் குப்புறப் படுத்திருந்தார். இடுப்பை ஒரு தொட்டில் போன்ற சட்டத்தில் வைத்து, அதை இடம் வலமாக அசைத்து இறக்கைகளை முறுக்கினார். 12 விநாடிக்கு அது போதும். ஆனால் அரை மணி, ஒரு மணி என்று பறக்கத் தலைப்பட்டதும், கழுத்தை நிமிர்த்திக்கொண்டு குப்புறக் கிடப்பது பெரும் வேதனையாயிற்று. 1908-இல் ரைட் சகோதரர்கள் விமானத்தில் நிமிர்ந்து உட்கார இரண்டு இடங்கள் அமைத்தார்கள். அந்த ஆண்டு மே மாதத்தில்தான் முதன் முதலாக வேறொரு மனிதரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பறந்தார்கள். மனிதன் உட்காரக் கற்றுக்கொண்ட பிறகே ஆகாயத்தில் அவனுக்குத் துணையும் கிடைத்தது என்று சொல்லலாம்.

1927-இல் லிண்ட்பர்க் நியூயார்க்கிலிருந்து பாரிஸுக்குத் தன்னந்தனியாகப் பறந்தபோது, 33½ மணி நேரம் பிரம்பு நாற்காலி ஒன்றில் உட்கார்ந்திருந்தார். பளு குறைய வேண்டும் என்பதே அவருடைய கவலை. ஆனால் எல்லோரும் லிண்ட்பர்க் அல்லர்; எல்லாப் பிரயாணமும் சரித்திரத்தில் ஏறப்போவதும் இல்லை. நாம் சொல்லும் வீட்டு விமானக்காரர் சனிக்கிழமை காலையில் மனைவியுடன் கிளம்பி, மணிக்கு 150 மைல் வேகத்தில் மூன்று மணி நேரம் பறந்து, மகள் வீட்டில் இறங்க விரும்புகிறவர். இறங்கும்போது அவரால் நிமிர்ந்து நடக்க முடியவேண்டும். அதைவிட முக்கியமானது, இறக்கும்போது அவருடைய புத்தி இடுப்பு வலியில் இல்லாமல் விமானத்தில் இருக்கவேண்டும். விமானத்தைத் தரையில் இறக்குவதே மிகுந்த கவனம் வேண்டும் காரியம். அது பிரயாணத்தின் கடைசியில், உடல் களைத்துப் போன நேரத்தில் வருகிறது. ஆகவே, ஆசனத்தின் சௌகரியம் வெறும் சுகபோகமன்று. உயிர்ப் பாதுகாப்பில் ஒரு பங்கு.

உட்கார்ந்தால் ஏன் வலிக்கிறது? நமது இடுப்பெலும்பின் அடியில் இரண்டு முனைகள் இருக்கின்றன. உட்காரும்போது மேலுடலின் பாரத்தில் பெரும் பகுதி இந்த இரு முனைகளின் வழியாகவே இறங்குகிறது. அங்கே எலும்புக்கும் பலகைக்கும் நடுவில் அகப்பட்ட சதையில் மெல்லிய இரத்தக் குழாய்கள் நசுங்குகின்றன. சற்று நேரத்தில் உடம்பு நெளிகிறது. தொடையின் முன்பகுதிக்குத் தாங்கல் இல்லாவிட்டால் பாரம் இன்னும் அதிகமாக அந்த முனைகளிலேயே விழும். தாங்கல் மிகையானாலோ முழங்காலின் பின்புறம் அழுந்திக் கால் மரத்துப்போகும். முதுகுக்கோ வேறு கஷ்டம். நிற்கும்போது இடுப்புக்கு மேலே முதுகில் உட்குழிந்த ஒரு வளைவு இருக்கிறது. தாங்கல் இல்லாமல் உட்கார்ந்தால் அந்த வளைவு மறைந்து, முதுகு வில்லாகக் கூனுகிறது. நெளிவது உடம்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் உபாயம். வீட்டிலானால் எழுந்து நடந்துவிடலாம். வார்களால் கட்டுண்டு 6,000 அடி உயரத்தில் இருக்கிறவர் எங்கே எழுந்து நடப்பது?

“அப்படியானால் நல்ல நாற்காலி ஒன்றைக் கடையில் வாங்கிப் பொருத்திவிட்டால் தீர்ந்தது” என்று நாம் வீட்டில் சொன்னோம். நமது வீட்டுக் கூடத்தில் தகப்பனார் காலத்துச் சாய்வு நாற்காலி ஒன்று உண்டு. அதில் அரை மணி நேரம் படுத்தால் நமக்குக் கழுத்து வலிக்கும். இதைக் காட்டி நமது இல்லாள், “மாமா உயரத்துக்குச் செய்த நாற்காலி உங்களுக்கே ஒத்துவரவில்லை. யாருக்கோ செய்தது யாருக்கோ எப்படிப் பொருந்தும்?” என்று கேட்டாள். அந்தக் கேள்வியை அமெரிக்க ராணுவம் லட்சக்கணக்கில் செலவிட்டுக் கேட்டது என்பதை அவள் அறியமாட்டாள்.

1950-இல் அமெரிக்க விமானப்படையார் 4,000-க்கு மேற்பட்ட விமானிகளின் உடம்பை அங்கம் அங்கமாக அளந்தார்கள். சராசரி விமானியின் அளவைக் கண்டுபிடித்துவிட்டால், அதற்கேற்ப ஓட்டுமிடத்தை அமைத்துவிடலாம் என்பது எண்ணம். கில்பர்ட் டானியல்ஸ் என்ற இளம் அதிகாரி அந்த அளவுகளை வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டார். உயரம், மார்பு, கைநீளம் முதலான 10 அளவுகளை எடுத்துக்கொண்டார். ஒவ்வோர் அளவிலும் நடுவே உள்ள 30 சதவீதத்தினரைச் ‘சராசரி’ என்று தாராளமாகவே வைத்துக்கொண்டார். 4,063 பேரில் 10 அளவுகளிலும் சராசரியாக இருந்தவர் எத்தனை பேர்? ஒருவர்கூட இல்லை! நெட்டையானவருக்குக் கை குட்டை. மார்பு அகன்றவருக்கு இடுப்பு ஒடுக்கம். சராசரி மனிதன் என்பவன் கணக்குப் புத்தகத்தில் மட்டும் வசிப்பவன். 1952-இல் வெளியான இந்த அறிக்கைக்குப் பிறகு, மனிதரை ஆசனத்துக்குப் பொருத்துவதை விட்டு, ஆசனத்தை மனிதருக்குப் பொருத்தும் வழிகள் வலுப்பெற்றன.

இங்கேதான் வீட்டு விமானக்காரர் பெரிய தொழிற்சாலையையும் வென்றுவிடுகிறார். தொழிற்சாலை ஆயிரம் பேருக்காகச் செய்யவேண்டும். இவரோ இரண்டே பேருக்குச் செய்தால் போதும். அந்த இருவரும் வீட்டிலேயே இருக்கிறார்கள்.

வேலையை எப்படித் தொடங்குவது? பஞ்சு வாங்குவதற்கு முன்பு பலகை வாங்கவேண்டும். விமானத்தின் உட்புறத்தை அளந்து, தரை, முதுகுச் சாய்ப்பு, கால்மிதி, ஓட்டுகோல், தலைக்குமேல் வரும் கண்ணாடிக் கூடு எல்லாம் அதே இடங்களில் அமையுமாறு ஒட்டுப்பலகையினாலும் அட்டையினாலும் ஒரு மாதிரிக் கூண்டு செய்கிறார்கள். அதில் பழைய துணிகளையும் மெத்தைத் துண்டுகளையும் அடுக்கி, மெய்யாகவே இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பார்க்கவேண்டும். ஐந்து நிமிஷம் உட்கார்ந்து பார்ப்பது பிரயோஜனமற்றது. ஐந்து நிமிஷத்துக்கு எல்லா ஆசனமும் சுகமானதே. மிருதுவான ஆசனம் மற்றவற்றைவிட இன்னும் சுகமாகத் தோன்றி ஏமாற்றும். புத்தகம் படித்துக்கொண்டு உட்கார்ந்தால், எந்த இடம் முதலில் முணுமுணுக்கிறது என்று உடம்பே சொல்லும்.

உட்காரும் எலும்பு முனைகள் எங்கே விழுகின்றன என்று அறிய எளிய உபாயம் ஒன்று உண்டு. வரி வரியான சிப்ப அட்டையைக் கெட்டியான பலகையின்மேல் வைத்துச் சற்று நேரம் உட்கார்ந்து எழுந்தால், இரண்டு குழிகள் பதிந்திருக்கும். அந்தக் குழிகளுக்கு நேரே பாரம் பரவும்படி மெத்தையைச் செதுக்கவேண்டும். ஆசனத்தின் முன்பகுதி பின்பகுதியைவிடச் சற்று உயர்ந்திருந்தால் தொடைக்குத் தாங்கல் கிடைக்கும். உடம்பும் முன்னே வழுகாது. ஆசனத்துக்கும் முதுகுச் சாய்ப்புக்கும் நடுவிலுள்ள கோணம் 100 முதல் 110 பாகை வரை இருப்பது பலருக்கு ஒத்துக்கொள்ளும். முதுகின் உட்குழிவில் கையளவு திண்டு ஒன்று. 1979-இல் பர்ட் ரூட்டான் வகுத்த ‘லாங் ஈஸி’ போன்ற விமானங்களில் மனிதர் கால் நீட்டிப் பாதி படுத்தவாறு ஓட்டுகிறார். அங்கே முதுகுச் சாய்ப்பு விமானத்தின் உடலோடு சேர்ந்தே கட்டப்பட்டிருப்பதால், அதன் சாய்வை மாற்ற இயலாது; மெத்தையால்தான் சரிசெய்ய வேண்டும். தலைக்கும் ஒரு தாங்கல் இல்லாவிட்டால் கழுத்து படாத பாடு படும்.

மெத்தை ஒரே பஞ்சால் ஆனதன்று. அடியில் கெட்டியானது, நடுவில் அதைவிட மிருதுவானது, மேலே மெல்லியதாக இன்னும் மிருதுவானது என்று அடுக்கடுக்காக ஒட்டுகிறார்கள். வெட்டுவதற்கு, மேல் நாட்டுச் சமையலறையில் மாமிசம் அரிய வைத்திருக்கும் மின்சாரக் கத்தியே சிறந்த ஆயுதமாம். அந்த வீட்டு அம்மாள் தமது கத்தியைத் தேடும் காட்சியை நேயர்களே கற்பனை செய்துகொள்ளலாம்.

இனி, நாம் படித்தவற்றில் நம்மை அதிரச் செய்த விஷயத்துக்கு வருவோம். மெத்தை மெத்தென்று இருந்தால் மனிதருக்கு நல்லது என்று நாம் எண்ணியிருந்தோம். விபத்து நேரும் கணத்தில் அது நேர்மாறாகிவிடுகிறது. விமானம் செங்குத்தாகத் தரையில் மோதுகிறது என்று வைத்துக்கொள்வோம். தரையில் பட்டவுடன் விமானத்தின் உடல் நின்றுவிடுகிறது. மனிதருடைய உடலோ பழைய வேகத்திலேயே கீழ் நோக்கிச் செல்கிறது. மிருதுவான பஞ்சு அதைத் தடுப்பதில்லை, வழி விட்டுவிடுகிறது. பஞ்சு முழுதும் நசுங்கிய பின்பு, முன்பே நின்றுவிட்ட கடினமான அடிப்பலகையின்மேல் உடம்பு மோதுகிறது. அந்த அடி, மெத்தையே இல்லாமல் உட்கார்ந்திருந்தால் விழக்கூடிய அடியைவிடவும் பலமாக முதுகெலும்பில் விழலாம். சிறிய விமானங்களின் ஆசனங்களுக்கு அமெரிக்க அரசாங்கம் 1988-இல் ஏற்படுத்திய சோதனையில், இடுப்பருகே முதுகெலும்பின்மேல் விழும் பாரம் 1,500 ராத்தலுக்கு மிஞ்சக் கூடாது என்பது வரம்பு. வீட்டில் கட்டியவருக்கு இந்தச் சோதனை கட்டாயமன்று. ஆனால் அவருடைய முதுகெலும்புக்கு அந்தச் சலுகை தெரியாது.

வகுப்பில் ஒரு பரீட்சை செய்து காட்டினோம். ஒரு ரப்பர்ப் பந்தையும் பிசைந்த களிமண் உருண்டையையும் ஒரே உயரத்திலிருந்து போட்டோம். பந்து துள்ளியது. களிமண் ‘தொப்’பென்று விழுந்து அங்கேயே தட்டையாயிற்று. பந்து வாங்கிய வேகத்தைத் திருப்பிக் கொடுக்கிறது. களிமண் அதை விழுங்கிவிடுகிறது. ஆசனத்துக்கு வேண்டியது களிமண்ணின் குணம். அத்தகைய பஞ்சும் உண்டு. 1966-இல் சார்ல்ஸ் யோஸ்ட் என்னும் அறிஞர் அமெரிக்க வான்வெளி நிலையமான நாஸாவுக்காக, விமான ஆசனங்களுக்கென்றே ஒரு பஞ்சை உருவாக்கினார். விரலால் அழுத்தினால் மெதுவாக அமுங்கி, மெதுவாகவே எழும்பும். இன்று கடைகளில் ‘மெமரி ஃபோம்’ என்று தலையணையாக விற்பது அதன் வம்சத்தைச் சேர்ந்ததே. மெல்ல உட்கார்ந்தால் உடம்பின் வடிவுக்கு இணங்கும். திடீரென்று மோதினால் கெட்டித்து நிற்கும். இதன் கெட்டியான வகைகளைத்தான் அடியடுக்காக உபயோகிக்கிறார்கள். குளிரில் இது விறைத்துக்கொள்ளும். உடம்புச் சூட்டில் இளகும். குளிர்காலக் காலையில் பலகை போலிருக்கிறதே என்று பயப்படவேண்டியதில்லை.

மெத்தையோடு வார்களையும் கவனிக்க வேண்டும். இடுப்பு வார் வயிற்றின்மேல் அல்லாமல் இடுப்பெலும்பின்மேல் படியவேண்டும். மெத்தை மிகவும் அமுங்குமானால் விபத்தில் வார் தளர்ந்து, மனிதர் அதன் அடியில் வழுகிச் சென்றுவிடுவார். தோள் வார் தோள் மட்டத்திலிருந்தோ சற்று மேலிருந்தோ வரவேண்டும். மிகத் தாழ்வான இடத்தில் கட்டினால் அதுவே முதுகெலும்பைக் கீழ் நோக்கி அமுக்கும். 1917-இல் பயிற்சி விமானம் நொறுங்கியும் பிழைத்துக்கொண்ட ஹியூ டி ஹேவன் என்பவர், தாம் ஏன் பிழைத்தோம் என்ற கேள்வியையே பின்னாளில் தம் ஆராய்ச்சியாக்கிக்கொண்டார். உடையும் பண்டங்களை எப்படிச் சிப்பம் கட்டுகிறோமோ, அப்படியே மனிதரையும் வாகனத்துக்குள் கட்டவேண்டும் என்பது அவர் கண்ட உண்மை. கடுதாசிப் பெட்டியில் கண்ணாடிப் பாத்திரம் வாங்கிப் பழகிய நமது தாய்மாருக்கு இது எளிதில் விளங்கும்.

மெத்தையின் கனத்தை ஓர் அங்குலம் கூட்டினால் தலை கண்ணாடிக் கூட்டில் இடிக்கலாம். முதுகுத் திண்டு பெருத்தால் மனிதர் முன்னே தள்ளப்பட்டு, ஓட்டுகோலை முழுதும் பின்னுக்கு இழுக்க முடியாமல் வயிறு தடுக்கலாம். இறங்கும் சமயத்தில்தான் அந்தக் கடைசி அங்குலம் வேண்டியிருக்கும்! ஆகையால் மெத்தை முடிந்ததும், வார்களைக் கட்டிக்கொண்டு ஓட்டுகோலை நான்கு திசையிலும் எல்லைவரை அசைத்துப் பார்க்காமல் பறக்கக் கூடாது.

கடைசியாக, நெருப்பு. கட்டில் மெத்தைக்கு உபயோகிக்கும் சாதாரணப் பஞ்சு வெகு வேகமாக எரியும். அதன் புகை நஞ்சு. தீயைத் தாங்குமாறு செய்த பஞ்சையும், கம்பளி அல்லது தோல் உறையையும் தேர்ந்தெடுப்பதே விவேகம். விமானத் துணிகளுக்கு ஒரு சோதனை உண்டு. துண்டைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு அடியில் 12 விநாடி சுடர் காட்டி எடுத்தால், 15 விநாடிக்குள் தானே அணைந்துவிட வேண்டும். எரிந்த நீளம் 8 அங்குலத்துக்கு மிஞ்சக் கூடாது. இதைச் சாஸ்திர சாலையில் செய்வார்கள். நமது நேயர்களின் புதல்வர்கள் சமையலறையில் செய்யவேண்டாம்.

இவ்வளவும் முடித்த பின்பு சில விமானக்காரர்கள் ஒரு தவறு செய்கிறார்கள். தமக்காக அளந்து செய்த மெத்தையைப் போலவே இன்னொன்று செய்து, பக்கத்து இடத்தில் போட்டுவிடுகிறார்கள். பக்கத்தில் உட்காருகிறவள் மனைவி. அவளுடைய தொடை நீளம் வேறு, முதுகின் வளைவு வேறு. மெத்தையின் ஆழம் அவளுக்கு மிகையாகி, முழங்காலின் பின்புறம் அழுத்துகிறது. இரண்டாவது பிரயாணத்துக்கு அவள் வரமாட்டேன் என்கிறாள். ஆறு வருஷம் பாடுபட்டுக் கட்டிய விமானத்தில் கணவர் ஒண்டியாகப் பறக்கிறார். அவளுக்கு ஆகாயம் பிடிக்கவில்லை என்று மனிதர் எண்ணிக்கொள்ளலாம். பிடிக்காதது ஆகாயமன்று, இரண்டு அங்குலப் பஞ்சு. அவளையும் மாதிரிக் கூண்டில் இரண்டு மணி நேரம் உட்காரவைத்துக் கேட்டிருந்தால் காரியம் நேராகியிருக்கும்.

இவற்றையெல்லாம் படித்து முடித்த மறு நாள் வகுப்புக்குப் போனோம். கேள்வி கேட்ட அந்தப் பையனைச் சற்றுக் கூர்ந்து பார்த்தோம். வகுப்பிலே அவன்தான் மிகவும் குள்ளம். பெஞ்சில் உட்கார்ந்தால் அவன் கால் தரையில் படவில்லை. நாலு அங்குலம் அந்தரத்தில் தொங்குகிறது. பெஞ்சின் விளிம்பு முழங்காலுக்குப் பின்னால் அழுந்துகிறது. “அசையாமல் உட்கார்” என்று இந்த ஆண்டில் எத்தனை முறை அவனை நாம் அதட்டியிருப்போம் என்பதை நினைக்க வெட்கமாயிருந்தது. நாள் முழுதும் உட்காருகிற இடத்தின் நினைவாகவே இருந்தவன்தானே அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க முடியும்?

பள்ளிக்கூடத்துத் தச்சரிடம் சொல்லி, அவன் காலுக்கடியில் வைக்க ஒரு பலகை செய்வித்தோம். கூலி சொற்பம். ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. இப்போது அந்த வகுப்பில் மற்றும் ஐந்து பேர் பலகை கேட்கிறார்கள். அவர்களில் ஒருவன் வகுப்பிலேயே நெட்டை! அவனுக்கு என்ன செய்வது என்று தச்சரும் நாமும் யோசித்துக்கொண்டிருக்கிறோம்.